நிரம்பிய கேனை யார் தூக்குவது?

முகாம் கேள்வி பதில்

கூடாரத்தைப் பற்றி எழுதினால் தண்ணீரைப் பற்றிக் கேள்வி வருகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். எங்கள் முகாம் குழுவில் பல வருடங்களாகத் தண்ணீர்ப் பொறுப்பு என் கையில் இருக்கிறது. கேன்களை எண்ணுவது, நிரப்புவது, வண்டியில் ஏற்றுவது, திரும்பி வந்ததும் கழுவிக் காயவைப்பது எல்லாம் என் வேலை. கூடாரம் கிழிந்தால் ஒட்டுப்போட்டு ஒப்பேற்றலாம். தண்ணீர் ஒழுகிப் போனால் முகாமை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதனால் இந்த முறை முழுவதும் தண்ணீர்ப் பாத்திரங்கள் பற்றிய கடிதங்களுக்கே பதில்.

*

மேடம், நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். காரில் போய் இரண்டு இரவு தங்கப்போகிறோம். அந்த இடத்தில் தண்ணீர் வசதி இல்லை. 60 லிட்டர் டிரம் ஒன்று வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார் நண்பர். வாங்கலாமா?

வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 60 லிட்டர் டிரம்மை நிரப்பினால் அது 60 கிலோ, டிரம்மின் எடை தனி. காலி டிரம்மைக் கடையில் ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம். நிரப்பிய பிறகு அதை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்கவும் இரண்டு பேர் வேண்டும். சாய்த்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுக்கக்கூட ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். எந்தக் கேனைக் கையில் எடுத்தாலும், ‘இது நிரம்பியபின் இதைத் தூக்கப்போவது யார்?’ என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டில் நீங்களும் மனைவியும் மட்டுமே பெரியவர்கள். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தனியாகத் தூக்கி ஊற்றக்கூடிய அளவுதான் உங்களுக்கு ஏற்ற அளவு. பெரும்பாலானவர்களுக்கு அது 10 லிட்டர்.

எத்தனை லிட்டர் தேவை என்பதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. பேரிடரில் வீடிழந்தவர்களுக்கு உதவி செய்யும் அமைப்புகள் பயன்படுத்தும் ஸ்ஃபியர் கையேடு, ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் உணவோடு உடம்பில் சேரவும் 2.5 முதல் 3 லிட்டர், சமைக்க 3 முதல் 6 லிட்டர், அடிப்படைச் சுத்தத்துக்கு 2 முதல் 6 லிட்டர் என்று பிரிக்கிறது. கூட்டினால் 7.5-லிருந்து 15 லிட்டர் வரை வரும். முகாமில் யாரும் குளிக்கப்போவதில்லை, துணி துவைக்கப்போவதில்லை என்றால் கீழ் எல்லையான 7.5 போதும். நான்கு பேர், இரண்டு முழு நாள் என்றால் 60 லிட்டர். உங்கள் நண்பர் சொன்ன கணக்கு சரிதான். அதை ஒரே டிரம்மில் அடைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. வெயில் கடுமையாக இருந்தாலோ நாள் முழுக்க நடப்பதாக இருந்தாலோ குடிநீர்ப் பங்கை மட்டும் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆக, 10 லிட்டர் கேன் ஆறு. அதில் ஒன்றாவது குழாய் வைத்ததாக இருக்கட்டும். ஆறாகப் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒன்று வெடித்தாலும், ஒன்றில் மண் விழுந்தாலும், மற்ற ஐந்தும் கெடாமல் இருக்கும். இரண்டாம் நாள் காலையில் எத்தனை கேன் மூடி திறக்காமல் இருக்கிறது என்று பார்த்தாலே இருப்பு தெரிந்துவிடும். டிரம்மில் இருட்டுக்குள் எட்டிப்பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

வாங்கும்போது கைப்பிடிக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் கேனை அச்சில் வார்க்கும்போது இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். கேன் காலியாக இருக்கும்போது அது உறுத்தாது. 10 கிலோவோடு நூறு அடி நடந்தால் உள்ளங்கையில் கோடு விழும். அந்த விளிம்பை மழித்து வழவழப்பாக்கிய கேனும், நான்கு விரலும் தாராளமாக நுழையும் பிடியும் கிடைத்தால், கூடக் கொஞ்சம் செலவானாலும் அதையே எடுங்கள்.

இந்தப் பிடி விஷயத்தில் நான் இன்றும் மதிக்கும் வடிவம் ஜெர்ரிகேன். 1930-களில் ஜெர்மானிய ராணுவத்துக்காக எரிபொருள் கொண்டுபோக உருவான 20 லிட்டர் தகரக் கேன் அது. மேலே ஒரு கைப்பிடிக்குப் பதிலாக மூன்று பிடிகளை வரிசையாக வைத்தார்கள். நிரம்பிய கேனை நடுப்பிடியில் ஒருவர் தூக்கலாம். கனமாக இருந்தால் இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். காலியாக இருக்கும்போது இரண்டு கேன்களை ஒட்டி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் பிடிகளை ஒரே கையில் பிடித்து எடுத்துப்போகலாம். தண்ணீருக்கென்று இன்று வரும் பிளாஸ்டிக் கேன்களிலும் இதே மூன்று பிடி அமைப்பு உண்டு. 20 லிட்டர்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் இதைத் தேடி வாங்குங்கள்.

வண்டியில் வைக்கும் இடமும் முக்கியம். பின் இருக்கையின் முதுகோடு ஒட்டி, தரையில், பட்டை போட்டுக் கட்டி வையுங்கள். திடீர் பிரேக்கில் 10 கிலோ கேன் முன்னால் பாய்ந்தால் பிள்ளைகள் தலையில்தான் மோதும். கூரைமேல் தண்ணீர் ஏற்றவே வேண்டாம். வண்டியின் பாரம் மேலே போனால் வளைவில் வண்டி சாயும்.

*

குழாய் வைத்த கேன் வாங்கினேன். போய்ச் சேருவதற்குள் பாதித் தண்ணீர் காலி, படுக்கையெல்லாம் ஈரம். மீதித் தண்ணீரும் குழாயில் விட்டு விட்டு, களக் களக் என்றுதான் வருகிறது. மட்டமான கேனை வாங்கிவிட்டேனா?

கேன் நல்லதாகவே இருக்கலாம். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு.

முதலில் ஒழுகல். குழாய் கேனோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீரை நிறுத்துவது அந்த வாஷர்தான், மரை அல்ல. ஒழுகினால் உடனே மரையில் டேப் சுற்றி, பலங்கொண்ட மட்டும் முறுக்குகிறார்கள். முறுக்க முறுக்க வாஷர் பிதுங்கி ஒரு பக்கம் வெளியே வந்துவிடும், ஒழுகல் அதிகமாகும். குழாயைக் கழற்றுங்கள். வாஷரை விரலில் எடுத்து வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ, ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால், அது உட்காரும் பள்ளத்தை ஈரத்துணியால் துடையுங்கள். ஒரே ஒரு மணல் துகள் அங்கே இருந்தாலும் இரவெல்லாம் சொட்டும். அப்புறம் வாஷரைப் பள்ளத்தில் சமமாகப் பதித்து, கையால் இறுகும் வரை திருகுங்கள். கையால் இறுகியது போதும். உதிரி வாஷர் இரண்டை எப்போதும் முதலுதவிப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

இன்னொன்று, குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கேனை வண்டியில் ஏற்றாதீர்கள். ஒரு பை சாய்ந்து நெம்புகோலை அழுத்தினால் போதும், திறந்துகொள்ளும். குழாயை உள்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொள்ளும்படி சில கேன்கள் வருகின்றன. அந்த வசதி இல்லாவிட்டால் பயணத்துக்கு வெறும் மூடி போட்டு, இறங்கியபின் குழாயை மாட்டிக்கொள்ளுங்கள்.

களக் களக் சத்தம் காற்றின் சத்தம். தண்ணீர் வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வேறு வழி இல்லாவிட்டால் அது குழாய் வழியாகவே உள்ளே நுழையும், அதனால்தான் விட்டு விட்டு வருகிறது. கேனின் முதுகில், கைப்பிடிக்குப் பக்கத்தில், சின்ன மூடி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது காற்றுத் துளை. அதைத் திறந்தால் ஒரே சீராக ஊற்றும். அது இல்லாத கேனில் பெரிய மூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தாலே போதும். காற்று மூடியை மறுபடி அடைக்க மறக்காதீர்கள். எறும்பு முதலில் கண்டுபிடிக்கும் வழி அதுதான்.

எந்தக் கேனாக இருந்தாலும் புறப்படுவதற்கு முந்தின இரவு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முழுக்க நிரப்பி, வெளியே துடைத்து, மூடி கீழே இருக்கும்படி காய்ந்த காகிதத்தின்மேல் படுக்க வையுங்கள். காலையில் காகிதத்தைப் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் வட்டமாகத் தெரியும். கடைக்காரர் உறுதியைவிட அந்தக் காகிதத்தை நான் நம்புகிறேன்.

*

புதுக் கேனில் தண்ணீர் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது, பிள்ளைகள் குடிக்க மறுக்கிறார்கள். இது உடம்புக்குக் கெடுதியா? அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கிறதே, அதை வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது?

முக்கோண எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும். அது மறுசுழற்சிக்காகப் போட்டது, பாதுகாப்புச் சான்று அல்ல. 2 என்றால் கெட்டியான பாலிஎத்திலீன். நல்ல கனமான தண்ணீர்க் கேன்கள் பெரும்பாலும் இதுதான். 4 என்பது இளகிய பாலிஎத்திலீன், மடக்கும் கேன்களில் வரும். 1 என்பது பெட், கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில். 5 என்பது பாலிப்ரொப்பிலீன், மூடிகளில் அதிகம் பார்க்கலாம். 7 என்பது ‘மற்றவை’. அதற்குள் பல வகைகள் அடங்கும், அதனால் எண்ணை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. பழைய பாலிகார்பனேட் பாட்டில்களும் 7-தான், அவற்றில் பிபிஏ என்ற வேதிப்பொருள் உண்டு. பிபிஏ இல்லாத ட்ரைடான் என்ற பிளாஸ்டிக் வகையும் 7-தான். எனவே, ‘குடிநீருக்கு ஏற்றது’ என்று கேனிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறிப்பு இல்லாத கேனை நான் வாங்குவதில்லை.

வாடைக்கு வழி எளிது. சோப்புத் தண்ணீரில் ஒருமுறை கழுவுங்கள். அப்புறம் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து நிரப்பி ஓர் இரவு விடுங்கள். நன்றாக அலசிவிட்டு, மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வையுங்கள். பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் அந்தக் கேனைப் பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு ஒதுக்கிவிடுங்கள். வாடை அடிக்கும் தண்ணீரைப் பிள்ளைகள் குறைவாகக் குடிப்பார்கள், வெயிலில் அதுதான் பெரிய ஆபத்து.

ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ ஒருமுறையாவது இருந்த கேனில் குடிதண்ணீர் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது முழுக்க வெளியே வராது. முகாம்காரர்கள் பலர் தண்ணீருக்கு நீலம், பெட்ரோலுக்குச் சிவப்பு என்று கேன் நிறத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இருட்டில் கை மாறாது.

*

அக்கா, கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் நடைப்பயணம் போகிறோம். வழியில் ஓடைகள் உண்டு. முதுகில் மாட்டும் குழாய்ப் பை வாங்கலாமா, பாட்டில் போதுமா, மடக்குப் பை வாங்கலாமா என்று எங்களுக்குள் ஒரே சண்டை.

சண்டை வேண்டாம் தம்பி, மூன்றுக்கும் வேறு வேறு வேலை இருக்கிறது.

நடக்கும்போது குடிக்க ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் தண்ணீரோடு வரும் சாதாரண பெட் பாட்டிலே நன்றாக உழைக்கும். கெட்டியான பாட்டில்களைவிட எடை மிகக் குறைவு. இன்னொரு வசதியும் உண்டு. பாட்டிலைப் பிழிந்து தண்ணீரை வடிகட்டும் சிறிய ஃபில்டர்களில் பல, இந்த பாட்டில்களின் 28 மில்லிமீட்டர் வாயில் நேராகத் திருகிக்கொள்ளும்படி வருகின்றன. ஃபில்டர் வாங்குமுன் உங்கள் பாட்டிலில் திருகிப் பாருங்கள். இரண்டு சுற்றாவது தடையில்லாமல் போக வேண்டும். கொதிக்கும் தண்ணீரை மட்டும் பெட் பாட்டிலில் ஊற்றாதீர்கள், சுருங்கிக் கோணிப்போகும்.

குழாய்ப் பையில் நிற்காமலே குடிக்கலாம், அதனால் அடிக்கடி குடிப்பீர்கள். அது உண்மையிலேயே நல்லது. ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது முதுகுப்பைக்குள் மறைந்திருக்கும், திடீரென்று உறிஞ்சினால் காற்றுதான் வரும். குழாய்க்குள் பாசி பிடித்தால் கழுவுவது பெரும்பாடு. குழுவில் யாராவது ஒருவருக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளட்டும், எல்லோருக்கும் தேவையில்லை.

நீங்கள் கட்டாயம் எடுத்துப்போக வேண்டியது மடக்குப் பை. நான்கு அல்லது ஆறு லிட்டர் பிடிக்கும், காலியானால் சுருட்டிச் சட்டைப்பையில் வைக்கலாம். ஓடை பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும், கூடாரம் மேட்டில் இருக்கும். மாலையில் ஒரே நடையில் சமையலுக்கும் இரவுக்கும் வேண்டியதைக் கொண்டுவந்துவிடலாம். இரண்டு வாங்கி, ஒன்றில் ‘ஓடை’ என்றும் இன்னொன்றில் ‘குடி’ என்றும் அழியாத மையில் எழுதுங்கள். வடிகட்டாத தண்ணீர் தொட்ட பையில் வடிகட்டிய தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். கெட்டியான துணிமேல் பூச்சுப் போட்ட பைகள் நீண்ட நாள் உழைக்கின்றன. அக்கார்டியன் மாதிரி நீண்டு சுருங்கும் கேன்களை நடைக்கு எடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் மடங்கி மடங்கி, மடிப்பு மூலையில்தான் முதலில் கீறல் விழும். அந்தக் கீறல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும், கோடு தெரிந்தால் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

*

ஸ்டீல் பாட்டிலை நேராக அடுப்பில் வைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமா?

ஒற்றைச் சுவர் பாட்டிலாக, பெயின்ட் பூசாததாக இருந்தால், மூடியைக் கழற்றிவிட்டு வைக்கலாம். சூடு காக்கும் இரட்டைச் சுவர் ஃபிளாஸ்கை எக்காரணம் கொண்டும் நெருப்பில் வைக்கக் கூடாது, இரண்டு சுவருக்கும் நடுவே அழுத்தம் கூடி வெடிக்கலாம். உங்களுடையது எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் வெந்நீர் ஊற்றி வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் ஒற்றைச் சுவர்.

*

ஓடைத் தண்ணீரைக் கேனில் பிடித்து ப்ளீச் சொட்டு விட்டால் போதும் என்று படித்தேன். எத்தனை சொட்டு? அது மட்டும் போதுமா?

வாசனை சேர்க்காத, 5 முதல் 9 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள வீட்டு உபயோகத் திரவ ப்ளீச் என்றால், தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 சொட்டு. 10 லிட்டர் கேனுக்கு 20 சொட்டு. கலக்கிவிட்டு 30 நிமிடம் காத்திருங்கள். முகர்ந்தால் குளோரின் வாடை லேசாக வர வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு, சுத்தமான துணியில் வடிகட்டிய பிறகு விடுங்கள், சேறு குளோரினைத் தின்றுவிடும்.

இங்கே பலர் தவறவிடுவது மூடியின் மரை. ஓடையில் அமுக்கிப் பிடித்த கேனின் வாய் முழுக்கச் சுத்தப்படுத்தாத தண்ணீர் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்துவிட்டு அந்த வாயில் உதடு வைத்தால் என்ன பயன்? ப்ளீச் கலக்கிய சில நிமிடங்களில் மூடியைச் சற்றுத் தளர்த்தி, கேனைச் சாய்த்து, மருந்து கலந்த தண்ணீர் மரை வழியாகக் கசிந்து வரவிடுங்கள். அப்புறம் இறுக்கி மூடிக் காத்திருங்கள்.

இது மட்டும் போதுமா என்று சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் குளோரின் நன்றாகவே கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் இந்த அளவுக் குளோரினில் சாகாது. கால்நடை மேயும் பகுதி ஓடைகளில் அது இருக்க வாய்ப்பு உண்டு. பிழிந்து வடிகட்டும் ஃபில்டர்களில் பலவற்றின் துளை 0.1 மைக்ரான். அவை பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் நிறுத்தும், அதைவிடச் சிறிய வைரஸை விட்டுவிடும். ஆக வடிகட்டிவிட்டுச் சொட்டு விடுங்கள், ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். எரிபொருள் தாராளமாக இருந்தால் எல்லாவற்றையும்விட உறுதியான வழி கொதிக்க வைப்பது. கொப்புளித்துக் கொதிக்க ஆரம்பித்து 1 நிமிடம். சுமார் 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் 3 நிமிடம்.

பூச்சிமருந்து, எண்ணெய், சுரங்கக் கழிவு கலந்த தண்ணீருக்கு இவை எதுவும் உதவாது. மேல்பரப்பில் வானவில் நிறம் மிதந்தாலோ, வயலிலிருந்து நேராக வடிந்து வந்தாலோ, அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

*

முகாமில் பிள்ளைகள் ஆளாளுக்கு டம்ளரைக் கேனுக்குள் விட்டு மொள்ளுகிறார்கள். சொன்னாலும் கேட்பதில்லை. என்ன செய்வது?

பிள்ளைகளைத் திட்ட வேண்டாம், பாத்திரத்தை மாற்றுங்கள். கை நுழையும் வாய் இருந்தால் கை நுழையத்தான் செய்யும். நல்ல தண்ணீர் பெரும்பாலும் கெடுவது இப்படித்தான், பிடித்து வைத்த பிறகு, நம் கையால். 1990-களில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் பான் அமெரிக்கன் சுகாதார அமைப்பும் சேர்ந்து, குழாய்த் தண்ணீர் பாதுகாப்பாக இல்லாத வீடுகளுக்காக ஒரு திட்டம் உருவாக்கின. அதில் குளோரினோடு பாத்திரத்துக்கும் சம இடம் கொடுத்தார்கள். கை போக முடியாத குறுகிய வாய், மூடி, அடியில் ஒரு குழாய். அந்த மூன்றும் இருந்தால் மொள்ள வழியே இல்லை.

குழாய்க் கேனைப் பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டியின்மேல் வையுங்கள். கை கழுவத் தனியாக ஒரு சின்னக் கேன் வையுங்கள், பக்கத்தில் சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த இடம் ஓடையிலிருந்தோ குளத்திலிருந்தோ 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சோப்புத் தண்ணீர் மண்ணில்தான் இறங்க வேண்டும்.

*

போன முறை பயன்படுத்திய கேனைத் திறந்தால் உள்ளே வழவழப்பு, மூடியில் கறுப்புப் புள்ளிகள். தூக்கிப் போடுவதா?

உடனே வேண்டாம். மூடியையும் குழாயையும் கழற்றுங்கள், வாஷரைத் தனியே எடுங்கள். கறுப்புப் பூஞ்சை அதிகம் ஒளிந்திருப்பது வாஷருக்கு அடியில்தான், அதை எடுக்காமல் கழுவினால் கழுவாததற்குச் சமம். நீளப் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து அலசுங்கள். பிரஷ் எட்டாத மூலைக்குக் கல் உப்பும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கலாம். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ப்ளீச் கலந்து உள்ளே ஊற்றி, எல்லாப் பக்கமும் நனையும்படி குலுக்கி, அரை நிமிடமாவது விட்டுக் கொட்டுங்கள். ப்ளீச்சோடு வினிகரையோ வேறு எந்தச் சுத்தப்படுத்தும் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். புள்ளி போகாத வாஷரை மாற்றிவிடுங்கள்.

இனி வராமல் இருக்க, காயவைப்பதில் அக்கறை காட்டுங்கள். கேனைத் தரையோடு ஒட்டிக் கவிழ்த்தால் வாய் அடைபட்டு ஈரம் உள்ளேயே நிற்கும். இரண்டு கட்டைமேல் கவிழ்த்து வாய்க்குக் கீழே காற்று போக இடம் விடுங்கள். முழுக்கக் காய்ந்த பின்னும் மூடியைத் திருகாமல், கயிற்றில் கேனோடு கட்டி வையுங்கள். வெளிச்சம் புகும் வெள்ளைக் கேனில் பாசி சீக்கிரம் பிடிக்கும், அதை இருட்டான இடத்தில் வையுங்கள். குழாய்ப் பை வைத்திருப்பவர்கள் தண்ணீரை வடித்துவிட்டு, பையையும் குழாயையும் ஃப்ரீஸரில் வைத்துவிடலாம். அந்தக் குளிரில் பூஞ்சை வளராது.

*

பனிக்காலத்தில் போகிறோம். இரவில் பாட்டிலெல்லாம் உறைந்துபோகும் என்கிறார்கள்.

உறையும். தண்ணீர் பனிக்கட்டியானால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும், அதனால் கேனைக் கழுத்துவரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு காலி விடுங்கள். பனிக்கட்டி முதலில் மேல்பரப்பில் பிடிக்கும். பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வைத்தால் காலையில் கட்டி அடிப்பக்கம் இருக்கும், வாய் அடைபடாமல் இருக்கும். அகன்ற வாய் பாட்டில் இங்கே நல்லது. குழாய்ப் பையின் குழாய்தான் முதலில் உறையும், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காலை காப்பிக்கு வேண்டிய தண்ணீரை இரவே பாத்திரத்தில் ஊற்றி வைத்தால், உறைந்தாலும் அப்படியே அடுப்பில் ஏற்றலாம்.

பிழியும் ஃபில்டரை ஒரு துணியில் சுற்றி, உறங்கும் பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நனைந்த ஃபில்டர் உறைந்தால் உள்ளிருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடலாம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், ஆனால் கிருமி தாண்டிவிடும். உறைந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே புதிதாக வாங்குங்கள்.

*

அம்மா, எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, தோளில் வலி. பேரப்பிள்ளைகளோடு முகாம் போக ஆசை, ஆனால் தண்ணீர் தூக்க முடியாது. மற்றவர்களுக்குச் சுமையாக இருக்கவும் மனம் வரவில்லை.

தாராளமாகப் போங்கள், ஐயா. தண்ணீர்ப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், தூக்காமலே அதைச் செய்ய வழி இருக்கிறது. காலிக் கேன்களை வண்டியின் பின்பக்கத்தில் அடுக்கிக் கட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரைக் குடிநீர் ஹோஸில் அங்கேயே கொண்டுவந்து நிரப்புங்கள். தோட்டத்து ஹோஸ் வேண்டாம், ரப்பர் வாடை தண்ணீரில் ஏறும். முகாமிலும் கேன்களை இறக்க வேண்டாம். குழாய்க் கேன் ஒன்றை வண்டியின் பின் விளிம்பில், குழாய் வெளியே நீட்டும்படி வைக்கச் சொல்லுங்கள், அதிலிருந்து இரண்டு லிட்டர் ஜாடியில் பிடித்துக்கொள்ளலாம். அது காலியானால் அடுத்த கேனைத் தூக்கி ஊற்ற வேண்டியதில்லை. குமிழை அமுக்கினால் தண்ணீர் இழுக்கும் சின்னக் கைப்பம்ப் கிடைக்கிறது, அதன் குழாயை முழுக் கேனுக்குள் விட்டு, மறுமுனையைக் காலிக் கேனில் வைத்தால் தானாக இறங்கும். முழுக் கேன் சற்று மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பம்பைத் தண்ணீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் எண்ணெய் எடுக்க யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.